கூலிக்காரனின் பொக்கட்டில் ஓடிய நேரம்: அமெரிக்கப் பொக்கட் மணிக்கூட்டின் கதை

மணிக்கூடு என்றால் சுவிட்சர்லாந்து. பிள்ளைகளிடம் கேட்டாலும் இதுதான் பதில், பெரியவர்களிடம் கேட்டாலும் இதுதான். ஆனால் 1876இல் அந்த சுவிட்சர்லாந்துக்காரர்களே கலங்கிப்போய், மணிக்கூடு செய்வது எப்படி என்று பார்த்து வர அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

நான் தினமும் பாடசாலைக்குக் கொண்டு போவது அப்படியான ஒரு பழைய அமெரிக்கப் பொக்கட் மணிக்கூடு. எல்ஜின் கம்பனியுடையது. நூறு வயதைத் தாண்டியும் ஓடுகிறது. சங்கிலியைக் கண்டதும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சேர், இது தங்கமா?" ஆசிரியர் அறையிலும் அதே கேள்விதான். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அதை விடப் பெரிய கதை ஒன்று அந்த மூடிக்குள் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் ஒருவரிடம் நல்ல மணிக்கூடு இருந்தால் அதன் இயந்திரம் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ வந்ததாக இருக்கும். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் தங்க மணிக்கூட்டுக்குள் ஓடியதும் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர இயந்திரம்தான். அந்தக் காலத்து மணிக்கூட்டின் ஒவ்வொரு உதிரிப்பாகத்தையும் கைவினைஞர் ஒருவர் அராவி, உரசி, அந்த ஒரு மணிக்கூட்டுக்கு மட்டும் பொருந்தும்படி செய்வார். ஒன்றின் பற்சில்லைக் கழற்றி இன்னொன்றில் போட முடியாது. ஆகவே விலை அதிகம், திருத்துவதும் கடினம். சாதாரண மனிதனுக்கு நேரம் சொன்னது தேவாலய மணியும் தொழிற்சாலைச் சங்கும்தான்.

இதை மாற்ற நினைத்தவர் ஆரன் டெனிசன். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1812இல் பிறந்தவர். மணிக்கூடு திருத்தும் தொழில் பழகியவர். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே இயந்திரங்களால் செய்யப்பட்ட பாகங்களை எந்தத் துப்பாக்கிக்கும் மாற்றிப் போடலாம். துப்பாக்கியில் செய்வதை மணிக்கூட்டில் ஏன் செய்யக் கூடாது என்று டெனிசன் யோசித்தார். எட்வர்ட் ஹோவார்ட் என்ற மணிக்கூட்டு உற்பத்தியாளரைச் சேர்த்துக்கொண்டு 1850இல் பொஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள ரொக்ஸ்பரியில் தொழிலை ஆரம்பித்தார். 1854இல் அது சார்ள்ஸ் ஆற்றங்கரையில் உள்ள வோல்தம் என்ற ஊருக்கு மாறியது.

யோசனை நல்லது, கணக்குத்தான் சரிவரவில்லை. 1857இல் கம்பனி முறிந்து ஏலத்துக்குப் போனது. வாங்கியவர் ரோயல் ரொபின்ஸ் என்ற வியாபாரி. அவரது கையில் தொழில் நிமிர்ந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. படைவீரர்களுக்கு மலிவான, உறுதியான மணிக்கூடு தேவைப்பட்டது. 'வில்லியம் எலரி' என்ற பெயரில் வோல்தம் வெளியிட்ட ரகம் படைவீரர்களிடையே பெருமளவு விற்பனையானது.

1864இல் இலினோய் மாநிலத்தில் போட்டிக் கம்பனி ஒன்று தொடங்கியது. வோல்தமின் கைதேர்ந்த தொழிலாளர்கள் சிலரையே அழைத்துச் சென்று எல்ஜின் என்ற ஊரில் தொழிற்சாலை கட்டினார்கள். அதன் முதல் மணிக்கூடு 1867இல் வெளிவந்தது. சிக்காகோ நகரின் முன்னாள் மேயரும் கம்பனியின் தலைவருமான பெஞ்சமின் ரேமண்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இந்தத் தொழிற்சாலைகளில் பெருந்தொகையான பெண்கள் வேலை செய்தார்கள். முடி போன்ற சுருள்வில்லைப் பொருத்துவது, கண்ணுக்கு எட்டாத திருகாணிகளைக் கையாளுவது போன்ற நுட்பமான பல வேலைகள் அவர்களது கையில் இருந்தன. இன்று நாம் கையில் எடுக்கும் பழைய மணிக்கூட்டில் அவர்களில் ஒருவரது பெயரும் கிடையாது. கம்பனியின் பெயரும் தொடரிலக்கமும் மட்டும்தான்.

1876இல் அமெரிக்கா தனது நூறாவது ஆண்டைக் கொண்டாட ஃபிலடெல்ஃபியாவில் பெரும் கண்காட்சி நடத்தியது. வோல்தம் கம்பனி அங்கே தனது மணிக்கூடுகளோடு, தானாகவே திருகாணி வெட்டும் இயந்திரத்தையும் காட்சிக்கு வைத்தது. அமெரிக்காவுக்கான சுவிஸ் மணிக்கூட்டு ஏற்றுமதி அப்போது கடுமையாக வீழ்ந்திருந்தது. ஏன் என்று அறிய வந்தவர்களில் ஒருவர் லோன்ஜின்ஸ் தொழிற்சாலையின் பொறியியலாளர் ஜாக் டேவிட். தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் முறையை மாற்றாவிட்டால் எங்கள் தொழில் அழிந்துவிடும் என்ற கருத்தில் நீண்ட அறிக்கை எழுதினார். சுவிட்சர்லாந்து அந்தப் பாடத்தைப் படித்தது. இன்று அதன் பெயர் நிலைத்திருப்பதற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம்.

இனி புகையிரதத்துக்கு வருவோம். அமெரிக்கப் பொக்கட் மணிக்கூட்டின் உயிர்க் கதை அங்கேதான் இருக்கிறது.

1883 வரை அமெரிக்காவில் ஒவ்வொரு ஊரும் தனது தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தையே நண்பகலாக வைத்திருந்தது. புகையிரதக் கம்பனிகளோ ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நேரம் வைத்திருந்தன. 1996இல் எமது நாட்டில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுக் கேட்டே கல்யாண வீட்டுக்குப் போனது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு நேரத்துக்கே அந்தப் பாடு என்றால், டசின் கணக்கான நேரங்களோடு ஓடிய புகையிரதங்களை நினைத்துப் பாருங்கள். கடைசியில் 1883 நவம்பர் 18 அன்று, அமெரிக்க, கனேடியப் புகையிரதக் கம்பனிகள் தாங்களாகவே நேர வலயங்களை ஏற்படுத்தின. அரசாங்கம் அதைச் சட்டமாக்கியது 1918இல்தான்.

வலயம் வந்தது. ஆபத்து போகவில்லை. அங்கே பெரும்பாலான பாதைகள் ஒற்றைப் பாதைகள். எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்தால் ஒன்று பக்கப் பாதையில் ஒதுங்கி நிற்க வேண்டும். எமது மலையகப் பாதையில் பயணம் செய்தவர்கள், நிலையத்தில் சாரதியிடம் பெரிய வளையம் ஒன்றைக் கைமாற்றுவதைக் கண்டிருப்பீர்கள். அதில் இருக்கும் 'டெப்லட்' கையில் இல்லாமல் சாரதி அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. அமெரிக்காவின் பெரும்பாலான பாதைகளில் அந்த முறை இருக்கவில்லை. அங்கே ரயில் ஓடியது நேர அட்டவணையிலும் தந்தி மூலம் வரும் கட்டளையிலும்தான். எத்தனை மணிக்கு ஒதுங்க வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கும். இப்போது எத்தனை மணி என்று சொல்ல வேண்டியது ஊழியரின் பொக்கட்டில் இருப்பது.

1891 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தின் கிப்டன் என்ற சின்ன ஊரில் விரைவுத் தபால் ரயிலும் பயணிகள் ரயிலும் மோதின. தபால் பெட்டியில் வேலை செய்துகொண்டிருந்த ஊழியர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். பயணிகள் ரயிலின் ஊழியர் ஒருவரது மணிக்கூடு நான்கு நிமிடம் நின்று, பிறகு தானாகவே ஓடத் தொடங்கியது. நேரம் இருக்கிறது என்று நம்பி அந்த ரயில் வந்தது. இதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். நின்றே போன மணிக்கூடு ஆளை ஏமாற்றாது. நின்றுவிட்டு ஓடும் மணிக்கூடுதான் ஏமாற்றும்.

இதற்குப் பிறகு புகையிரதக் கம்பனி, கிளீவ்லண்ட் நகரின் நகைக்கடைக்காரரான வெப் போல் என்பவரிடம் மணிக்கூட்டுப் பரிசோதனை முறை ஒன்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கொடுத்தது. அவரைப் போன்றவர்களின் முயற்சியால் 1890களிலிருந்து விதிகள் படிப்படியாக இறுகின. முகம் மூடியில்லாமல் திறந்திருக்க வேண்டும். வெள்ளை முகப்பில் தடித்த கறுப்பு இலக்கங்கள் வேண்டும். குறைந்தது 17 கற்கள் வேண்டும். படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் திருப்பி வைத்தாலும், குறைந்தது ஐந்து நிலைகளில் ஒரே சீராக ஓட வேண்டும். வெயிலிலும் குளிரிலும் மாறக் கூடாது. ஒரு வாரத்துக்கு 30 செக்கனுக்கு மேல் பிழைக்கக் கூடாது.

வகுப்பில் இதை ஒரு கணக்காகக் கொடுக்கலாம். ஒரு வாரத்துக்கு 604,800 செக்கன். அதில் 30 என்றால் ஏறத்தாழ 20,000இல் ஒரு பங்கு. மின்கலம் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு சுருள்வில்லும் ஐந்தாறு சில்லுகளும்தான். கரியும் புகையும் குலுக்கலும் நிறைந்த ரயிலில் கொண்டு திரிந்துதான் இந்தக் கணக்கு.

அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது நேரம் மாற்றும் முறை. சாதாரண மணிக்கூட்டில் தலைக் குமிழை வெளியே இழுத்து முள்ளைத் திருப்பலாம். புகையிரத மணிக்கூட்டில் அது நடக்காது. முன் கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றி, முகப்பின் ஓரத்தில் மறைந்திருக்கும் சின்ன நெம்புகோலை இழுத்தால்தான் முள் அசையும். பொக்கட்டிலிருந்து எடுக்கும்போது தவறுதலாகக் குமிழ் இழுபட்டு நேரம் மாறிவிடக் கூடாது என்பதற்காக. இத்தனை சின்ன விடயத்தில் இத்தனை பேரின் உயிர் இருக்கிறது.

சரி, இந்த மணிக்கூட்டுக்குக் காசு கொடுத்தது யார்? விதி போட்டது கம்பனி. வாங்கியது தொழிலாளி. இயந்திர சாரதியும் கார்டும் தங்கள் சொந்தச் சம்பளத்தில் வாங்க வேண்டும். வாரக்கணக்கான சம்பளத்தை விழுங்கும் விலை. பலர் தவணை முறையில் கட்டினார்கள். குறித்த நாட்களில் பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டி, எத்தனை செக்கன் கூட, எத்தனை செக்கன் குறைய என்று அட்டையில் எழுதி வாங்க வேண்டும். திருத்தக் கொடுத்தால், அது வரும் வரை பாவிக்க இன்னொன்றை இரவல் வாங்க வேண்டும். மணிக்கூடு இல்லாதவனுக்கு வேலை இல்லை.

இதில் அநியாயமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. பிறரது உயிரைக் காக்கும் கருவியின் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டியது அநியாயம். ஆனால் அதே காரணத்தால்தான் அக்காலத்தில் உலகின் மிகச் சரியான மணிக்கூடுகளில் சில, பிரபுக்களின் மேசையில் இருக்காமல் எண்ணெய் படிந்த காற்சட்டைப் பொக்கட்டில் இருந்தன. 1892இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் தொடங்கிய ஹெமில்டன் கம்பனி இந்த மனிதர்களை நம்பியே வளர்ந்தது. 21 கற்கள் கொண்ட அதன் '992' ரகம் இன்றைக்கும் சேகரிப்பவர்களால் தேடப்படுகிறது.

புகையிரதத்தில் வேலை செய்யாத ஏழைக்கும் ஒரு வழி திறந்தது. 1896இல் இங்கர்சோல் சகோதரர்கள் 'யாங்கி' என்ற மணிக்கூட்டை ஒரு டொலருக்கு விற்றார்கள். ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம். உள்ளே கற்கள் கிடையாது, சத்தமும் அதிகம். ஆனாலும் கமக்காரனும் பத்திரிகை விற்கும் பையனும் முதன்முறையாகத் தங்கள் நேரத்தைத் தாங்களே வைத்திருந்தார்கள்.

முதலாம் உலகப் போரில் பதுங்குகுழியில் நின்ற வீரனுக்குப் பொக்கட்டில் கைவிட நேரமில்லை. கைமணிக்கூடு பரவியது. பொக்கட் மணிக்கூடு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது. வோல்தம் 1957இல் மணிக்கூடு செய்வதை நிறுத்தியது. எல்ஜின் 1960களில் தனது நாட்டில் உற்பத்தியைக் கைவிட்டது. ஹெமில்டனின் கடைசி புகையிரத மணிக்கூடுகள் 1969உடன் முடிந்தன.

இப்போது அந்த முதல் கேள்வி: தங்கமா?

அமெரிக்காவில் பெரும்பாலும் இயந்திரத்தை ஒரு கம்பனி செய்தது, கூட்டை இன்னொரு கம்பனி செய்தது. வாங்குபவர் கடையில் இரண்டையும் தனித்தனியாகத் தெரிவு செய்வார். ஆகவே கூட்டில் உள்ள இலக்கம் வேறு, இயந்திரத்தில் உள்ள இலக்கம் வேறு. வயதைச் சொல்வது இயந்திரத்தில் உள்ள இலக்கம். கூட்டில் '20 வருடம்', '25 வருடம்' என்ற உத்தரவாதம் பொறிக்கப்பட்டிருந்தால், அது பித்தளை போன்ற உலோகத்தின் மேல் தங்கத் தகடு ஒட்டியது. தகடு தேயாமல் அத்தனை வருடம் தாங்கும் என்பதே அதன் பொருள். என்னுடையதும் அப்படித்தான். முழுத் தங்கக் கூடுகளும் இருந்தன. தங்க விலை ஏறிய காலங்களில் அவற்றில் ஏராளமானவை உருக்கப்பட்டுவிட்டன. கூடில்லாமல் அநாதையாகக் கிடக்கும் அருமையான இயந்திரங்கள் இன்று சந்தையில் நிறைய உண்டு. நூறு வருடம் ஓடிய ஒன்றைச் சில கிராம் தங்கத்துக்காக நிறுத்திவிட்டார்கள்.

இதைத் தினமும் பாவிக்க விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் ஒரே நேரத்தில் முறுக்குங்கள். முழுதாக முறுக்கினால் பெரும்பாலானவை ஒன்றரை நாள் வரை ஓடும். உள்ளே இருக்கும் சில்லு ஒரு செக்கனுக்கு ஐந்து முறை அடிக்கிறது, ஒரு நாளைக்கு 432,000 முறை. எண்ணெய் காய்ந்த பிறகும் ஓட விட்டால் உலோகத்தை உலோகம் தின்னும். ஆகவே சில வருடங்களுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் இட வேண்டும். அந்தத் தொழில் தெரிந்த மூத்தவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள்.

கீழே விழ விடாதீர்கள். பெரும்பாலான பழைய மணிக்கூடுகளில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு இல்லை. ஊசி போன்ற அச்சு முறிந்துவிடும். சங்கிலி அழகுக்காக வந்ததல்ல, அதற்காகத்தான் வந்தது. வியர்வை படும் சட்டைப் பையில் நேரடியாக வைக்காமல் மெல்லிய துணிப் பையில் வையுங்கள், எங்கள் காற்றின் ஈரம் உருக்குக்குப் பகை. கைத்தொலைபேசி இருக்கும் பொக்கட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் காந்தம் சுருள்வில்லைப் பிடித்தால் மணிக்கூடு தறிகெட்டு ஓடும். ஜீன்ஸ் காற்சட்டையில் பெரிய பொக்கட்டுக்குள் இருக்கும் குட்டிப் பொக்கட் எதற்கென்று தெரியாமலே நாம் போட்டுத் திரிகிறோம். அது பொக்கட் மணிக்கூட்டுக்காகத் தைக்கப்பட்டதுதான்.

ஓர் எச்சரிக்கை. 1910களுக்குப் பின் வந்த சில மணிக்கூடுகளில் இருட்டில் ஒளிர்வதற்காக இலக்கங்களுக்கு ரேடியம் பூசினார்கள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிப் பூசும்படி பழக்கப்பட்ட இளம் பெண்கள் தாடை அழுகி, எலும்பு உக்கி இறந்தார்கள். நியூ ஜேர்சியிலும் இலினோயிலும் அவர்கள் நடத்திய வழக்குகள் தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் முக்கியமானவை. அந்த முகப்புகள் இப்போது ஒளிராது. ஆனால் ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 வருடம். அதாவது அந்த நஞ்சு அப்படியே இருக்கிறது. இலக்கங்களில் மஞ்சளாக, மண்ணிறமாகத் தடித்த பூச்சு இருந்தால் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் வீடுகளின் அலுமாரிகளிலும் மூத்தாப்பாமார் விட்டுச் சென்ற மணிக்கூடுகள் நின்றுபோய்க் கிடக்கக்கூடும். அமெரிக்காவோ, சுவிஸோ, இங்கிலாந்தோ, எந்த நாட்டுடையதாகவும் இருக்கலாம். நகைக்கடைத் தராசில் வைக்கும் முன் திருத்தத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். உள்ளே உள்ள பெயரையும் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். யார் வாங்கியது, எந்தத் தொழில் செய்து வாங்கியது என்று வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் இப்போதே கேளுங்கள். தங்கத்தின் விலையை நாளைக்கும் விசாரிக்கலாம். அந்தக் கதையைச் சொல்ல நாளைக்கு ஆள் இருப்பார்களா என்பது வேறு விடயம்.